தொடர்பு கொள்ளலாகாது!

பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம். அதில் எமக்குப் பிணக்கில்லை. ஆனால், முறைப்பாட்டாளருடன் தொடர்பு கொள்ளலாகாது என்ற ஒற்றை வரி நிபந்தனையோடு வவுனியா நீதிமன்றத்திலிருந்து ஓமந்தைக்கு மீளும் எதிரியை அவ்வரி எங்கே நிறுத்தும்? கண்டி வீதியின் பஸ் தரிப்பிடமும் கடையும் கோயில் வாசலும் இருவர்க்கும் பொதுவன்றோ! முடிவில் ஒதுங்கி நடப்பவள் முறையிட்ட பெண்ணே. சமாதானம் பேச வரும் மாமனும் மச்சானும் வேறு! அதுவும் தொடர்பே என்பதை யார் எடுத்துரைத்தனர்?

2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வீடு, வேலைத்தலம், பாடசாலை என இடஞ்சுட்டித் தடைவிதிக்க இடமளிக்கிறது. பிணைக் கட்டளையும் அவ்வாறே இடங்களையும் தூதையும் வெளிப்படையாகக் குறிக்கட்டும். அதன் பிரதி அன்றைய தினமே அவள் கையிலும் ஓமந்தைப் பொலிசாரிடமும் சேரட்டும்.