பரிபாடலின் அடிக்குறிப்பும் ஐபாட் டச்சும்

ஐபாட் டச் என்னும் தொடுதிரைக் கருவியை ஆப்பிள் நிறுவனம் 2007 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. 2022 மே மாதத்தில் அவ்வரிசையை நிறுத்துவதாக அறிவித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்து, வழக்கொழிந்துபோன ஒரு பொருளைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று கேட்கலாம். அதைப் பழுதின்றி வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் குறுக்கிடாமல் பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்று பழையதைத் தேடி வாங்குவோரும் உண்டு. அவர்கள் கேட்கும் முதல் வினா, இதில் பாட்டை எப்படி ஏற்றுவது என்பது. ஏற்றிய பாட்டுக்கு என்ன பெயர் இடுவது என்ற இரண்டாவது வினாவை அநேகமாக யாரும் கேட்பதில்லை. என் கவலை அந்த இரண்டாவது வினாவைப் பற்றியது.

முதல் வினாவுக்கு விடை சுருக்கமானது. கணினியில் ஐட்யூன்ஸ் மென்பொருளை நிறுவ வேண்டும். மேக் கணினிகளில் 2019க்குப் பிறகு அந்த வேலை ஃபைண்டருக்குப் போய்விட்டது. கம்பியால் இணைத்தவுடன், கணினியின் நூலகத்தை அப்படியே கருவியில் படியெடுக்கும் தானியங்கி முறையை அணைத்துவிட்டு, நாமே தேர்ந்தெடுத்து ஏற்றும் முறையைக் குறியிட்டுக்கொள்வது நல்லது. இல்லையேல் வேறொரு கணினியில் இணைத்த மாத்திரத்தில், உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஒப்புக்கொண்டால் போயிற்று. 2011இல் வந்த ஐந்தாம் பதிப்பு இயங்குதளத்திலிருந்து, கணினி இல்லாமலே கருவியைத் தொடங்கிவைக்க முடிந்தது. ஆனால் ஒலிநாடாவிலிருந்தும் குறுந்தகட்டிலிருந்தும் நாம் மாற்றிவைத்த கோப்புகளை ஏற்றக் கணினியின் துணை தேவைப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏற்றும்போது, கோப்புக்கு நாம் வைத்திருந்த பெயர் உதிர்ந்துவிடுகிறது. கருவியின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அடைவுகளில், பொருளற்ற நான்கு எழுத்துகளைப் பெயராகக் கொண்டு அது கிடக்கும். திரையில் நாம் காணும் பாட்டுப் பெயர், பாடகர் பெயர் எல்லாம் கோப்பினுள்ளே பொதிந்த குறிப்பிலிருந்து வருபவை. அந்தக் குறிப்பை நிரப்பாமல் ஏற்றினால் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று அநாதைகளின் வரிசை ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே குறிப்பை எழுதுவதே இந்தக் கருவியை அமைப்பதில் முதன்மையான வேலை. மற்றதெல்லாம் கம்பி செருகுவது.

அந்தக் குறிப்பின் வரலாறு சுவையானது. எம்பி3 கோப்புக்குப் பெயரிடும் ஐடி3 முறையை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் வகுத்தார். கோப்பின் கடைசி 128 பைட்டுகள் அதற்கு ஒதுக்கப்பட்டன. பாட்டுப் பெயருக்கு 30, ‘ஆர்டிஸ்ட்’ என்ற கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசைவகைக்கு 1. மேலைநாட்டு வெகுசன இசைத்தட்டின் உறை அப்படியே இந்தக் கட்டங்களாகியிருக்கிறது. இசைவகைப் பட்டியலில் எண்பது வகைகள் இருந்தன. போல்காவுக்குக்கூட இடமிருந்தது, கர்நாடக இசைக்கு இல்லை. தமிழ் எழுத்து யூனிகோடில் யுடிஎப்-8 முறைப்படி ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு கேட்பது. முப்பது பைட்டில் பத்துக் குறிகள்தாம் அடங்கும். புள்ளியும் கொம்பும் அந்தப் பத்தில் சேர்த்தி. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த நெருக்கடியைத் தளர்த்தியது. பாடலாசிரியருக்கென்று தனிக் கட்டம்கூட அதில் வந்தது. ஆனால் ஐட்யூன்ஸ் அந்தக் கட்டத்தைக் காட்டவில்லை. ‘கம்போஸர்’ என்று இசையமைப்பாளருக்கு ஒரு கட்டம் உண்டு. எழுதியவருக்குத் தரத்தில் இடமிருந்தும் திரையில் இடமில்லை.

முதுகலை வகுப்பில் பரிபாடல் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். எழுபது பாடல்களில் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்த நூல் அது. உ.வே.சாமிநாதையர் 1918இல் அதைப் பதிப்பித்தார். கிடைத்த பாடல்களில் பெரும்பாலானவற்றின் கீழே ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. பாடியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது. பெட்டனாகனார், நன்னாகனார், கண்ணனாகனார் என்று இசை வகுத்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது இந்தக் குறிப்புகளால்தான். பாட்டு வேறு, இசை வேறு, இரண்டையும் ஆக்கியவர்கள் வேறு வேறு மனிதர்கள் என்ற தெளிவோடு மூன்று கட்டங்களை யாரோ ஒருவர் வகுத்து, ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார். பரிபாடலின் அக்குறிப்பை எழுதியவரிடம் ஐபாட்டைக் கொடுத்திருந்தால், எழுதியவருக்குக் கட்டம் எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

இது வெறும் பண்டிதக் கவலை, பாட்டைக் கேட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அவருக்கு என் விடை இது. பாடகரின் பெயரை எழுதாவிட்டாலும் குரல் சொல்லிவிடும், டி.எம்.சௌந்தரராஜனையும் பி.சுசீலாவையும் அடையாளம் காண யாருக்கும் குறிப்பு வேண்டாம். பழகிய செவிக்கு இசையமைப்பாளரையும் முன்னிசையே காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவர் மட்டும்தான் பிறர் வாயால் பேசுகிறவர். அவர் பெயரை யாராவது சொன்னாலொழியத் தெரியாது. அதாவது குறிப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் கட்டம் இல்லை.

நம் வழக்கமும் அவருக்கு உதவுவதில்லை. தெருவில் நின்று கேட்டால் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்பார்கள். எழுதியவர், இசைத்தவர், பாடியவர் ஆகிய மூவரையும் விலக்கிவிட்டு, வாயசைத்த நான்காமவருக்குப் பாட்டைக் கொடுத்துவிடும் பெருந்தன்மை தமிழர்களுக்கே உரியது. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், சுரதா, முத்துக்கூத்தன் எனப் பலர் எழுதினார்கள். படத்தின் பெயரை ஆல்பம் என்று இட்டுவிட்டால் யார் எதை எழுதினார் என்பது கரைந்துபோகும். பட்டுக்கோட்டையார் 1959இல், இருபத்தொன்பது வயதில் மறைந்தவர். அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி திரைப்பாட்டு. அதிலிருந்து பெயரை உரித்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?

முன்பு இந்தக் குறிப்பை நமக்குச் சுமந்துவந்தவை வேறு இரண்டு. ஒன்று, திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். மற்றது வானொலி. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் படம், பாடியவர்கள், இயற்றியவர், இசை என்று சொல்லிவிட்டுப் பாட்டை விடுவார்கள். செவிவழி அடிக்குறிப்பு அது. அந்தக் குரலை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் எம்பி3. வெட்டியதை மீண்டும் ஒட்டும் பொறுப்பு கேட்பவனுக்கு வந்து சேர்ந்தது.

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்; பிறருக்கு வேறு முறை தோன்றலாம். திரைப்பாட்டில் ஆர்டிஸ்ட் கட்டத்தில் பாடகர்கள், கம்போஸரில் இசையமைப்பாளர். ஐட்யூன்ஸில் ‘குரூப்பிங்’ என்று ஒரு கட்டம் உண்டு. மேலை இசையில் ஒரு படைப்பின் பகுதிகளைச் சேர்த்துக் கட்ட வைத்தது, பெரும்பாலோர் தொடுவதில்லை. அதில் பாடலாசிரியர் பெயரை எழுதுகிறேன். கருவியில் அதைத் தனியே உலாவ முடியாது. ஆனால் கணினியில் ‘ஸ்மார்ட் பிளேலிஸ்ட்’ அமைத்து, குரூப்பிங்கில் கண்ணதாசன் என்று இருப்பவையெல்லாம் இதில் சேர்க என்று விதி எழுதிவிட்டால், அப்பட்டியல் கருவிக்கும் போய்விடும். புதிதாக ஏற்றுபவை தாமே வந்து சேர்ந்துகொள்ளும். பழைய இயங்குதளத்தில் ‘மேலும்’ என்பதைத் தொட்டு, ‘திருத்து’ என்பதற்குள் போய், கம்போஸரைக் கீழ்ப்பட்டைக்கு இழுத்து வைக்கவும் முடியும். தமிழ்த் திரைப்பாட்டுக் கேட்பவர் அதை முதல் நாளே செய்ய வேண்டும்.

பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுவதும் அவசியம். குறுந்தகட்டைக் கணினியில் இட்டதும் இணையத் தரவுத்தளத்திலிருந்து வந்து விழும் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இளையராஜாவுக்கு ஓர் எல்லும் இரண்டு எல்லும், ஐயோடும் ஐ இல்லாமலும், ஆகாரத்துக்கு ஓர் ஏயும் இரண்டு ஏயுமாக ஒரே மனிதர் ஆறேழு பேராகப் பிரிந்து நிற்பார். தமிழில் எழுதினால் ஒருவராகிவிடுவார். எம்.எஸ்.விஸ்வநாதனை மட்டும் இப்படி ஒன்றாக்கக் கூடாது. 1965 வரை ராமமூர்த்தியோடு சேர்ந்து இசைத்தவை இரட்டையர் பெயரிலேயே நிற்கட்டும். தமிழில் எழுதினால் கருவி அதை அகரவரிசையின் கடைசியில், எண்குறியின் கீழ்த் தள்ளிவிடுகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். பெயரைத் தமிழிலும், வரிசைப்படுத்தும் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே எழுத ஐட்யூன்ஸில் இடமிருக்கிறது. பொறுமைதான் வேண்டும்.

தேவாரத்துக்கு இந்தக் கட்டங்கள் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தின. தேவாரப் பதிப்புகளில் பண்முறை, தலமுறை என்று இருவகை உண்டு. பண்ணின் வரிசையில் பதிகங்களை அடுக்குவது ஒன்று, தலத்தின் வரிசையில் அடுக்குவது மற்றொன்று. காகிதத்தில் இரண்டில் ஒன்றைத்தான் அச்சிட முடியும். இசைவகைக் கட்டத்தில் பண்ணையும் ஆல்பம் கட்டத்தில் தலத்தையும் எழுதினால், விரலால் ஒரு தொடுதலில் பண்முறை, மறு தொடுதலில் தலமுறை. கீர்த்தனைகளுக்கும் இசைவகையில் இராகத்தை எழுதலாம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் ராக்கும் பாப்பும் இருக்க வேண்டிய இடத்தில் கல்யாணியும் காம்போதியும் தோடியும் வரிசையாக நிற்கும்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடவில்லை. முதல் ஐபாட் டச்சின் எட்டு ஜிகாபைட்டில் 1,750 பாடல்கள் கொள்ளும் என்று விளம்பரம் சொன்னது. பாட்டுக்கு நான்கு நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. அந்த அளவுகோலில் ஒரு மணி நேர இராகம் தானம் பல்லவி பதினைந்து பாட்டு. குறுந்தகட்டில் அதைத் துண்டுகளாக வெட்டியிருந்தால், கலைத்துப் போடும் ஷஃபிளில் ஆலாபனை முடிவதற்குள் வேறு ஏதாவது வந்து நிற்கும். ஒவ்வொரு கோப்பின் விருப்பப் பகுதியிலும் ஷஃபிளில் தவிர்க்க, நிறுத்திய இடத்தை நினைவில் கொள்ள என்று இரண்டு குறியீடுகள் உண்டு. கச்சேரிக்கு முதலாவது, சொற்பொழிவுக்கு இரண்டாவது. மறந்தால் ஒன்றரை மணி நேரக் கம்பராமாயண உரையை ஒவ்வொரு நாளும் அவையடக்கத்திலிருந்தே கேட்க நேரும். தொடுதிரையும் எனக்கு உவப்பானதன்று. பழைய ஐபாட்டின் சக்கரத்தைச் சட்டைப்பையில் வைத்தபடியே திருப்பலாம். இதில் ஒவ்வொன்றுக்கும் கண் வேண்டும். முதல் தலைமுறைக் கருவியில் ஒலியைக் கூட்டக் குறைக்கப் பொத்தான்கூட இல்லை, 2008இல்தான் வைத்தார்கள்.

இன்று இணையத்தில் ஓடைபோல் பாட்டை வழங்கும் நிறுவனங்கள் இந்த உழைப்பு முழுவதையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டன. கோடிக்கணக்கான பாடல்கள் பெயரோடு வருகின்றன, அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயர் தவறாக இருந்தால் நம்மால் ஓர் எழுத்தைக்கூட அங்கே திருத்த முடியாது. எழுதியவர் என்ற ஒரே தலைப்பில் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் கலந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகை சேர வேண்டும் என்பதை வலுப்படுத்தி இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பெயர் சரியாக இருப்பது இனிப் பெருமை சார்ந்தது மட்டுமல்ல, வரும்படி சார்ந்ததும்கூட. ஒரு பரிபாடல் ஏட்டின் ஓரத்தில் திருத்தம் எழுத முடிந்த வாசகனுக்கு இருந்த அதிகாரம், நம் கையிலிருந்த எம்பி3 கோப்பில் இருந்தது, ஓடையில் இல்லை. அதனால்தான் கருவி நின்றுபோன பிறகும் கோப்புகளை அழிக்க வேண்டாம் என்கிறேன். குறிப்பு கோப்பின் உள்ளேயே இருப்பதால், வன்தட்டுக்கு மாற்றினாலும் வேறொரு கருவிக்கு மாற்றினாலும் அது கூடவே போகும். கணினியில் ஒரு படி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நாமே ஏற்றிய பாட்டைக் கருவியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள ஐட்யூன்ஸ் வழி வைக்கவில்லை.

எழுதியவர் பெயர் எங்கு தேடியும் கிடைக்காத பாடல்கள் இருக்கின்றன. குறுந்தொகையில் பெயர் தெரியாத ஒருவரை அவருடைய உவமையைக் கொண்டே செம்புலப் பெயனீரார் என்றார்கள். அந்த உரிமையை நான் எடுத்துக்கொள்வதில்லை. அத்தகைய பாடல்களுக்கு குரூப்பிங்கில் ‘தெரியவில்லை’ என்று எழுதிவைக்கிறேன். அந்தச் சொல்லுக்கும் ஒரு ஸ்மார்ட் பிளேலிஸ்ட் உண்டு. பழைய புத்தகக் கடைகளில் ஐம்பதுகளின் பாட்டுப் புத்தகம் ஒன்று அகப்படும்போது அந்தப் பட்டியலில் இரண்டு மூன்று பாடல்கள் குறையும். இப்போது அதில் நூற்றுப் பதினான்கு இருக்கின்றன.