49-வது மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?



ராத்திரி எட்டு மணி. மண்டைக்காடு ரோட்ல ஒரு பைக் சறுக்குது. தலையில ஹெல்மெட் இல்ல. 108 வருது. ஆளை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, நாகர்கோவில்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போறாங்க. ஸ்கேன் எடுத்துட்டு, தலைக்குள்ள ரத்தக்கசிவுன்னு சொல்றாங்க. அந்த நிமிஷமே வீட்ல கழுத்துச் செயினைக் கழற்றி அடகுக்கு எடுத்து வைக்கிறாங்க. இப்படி ஒரு ராத்திரியைப் பார்க்காத தெரு நம்ம பக்கத்துல உண்டா?

இதற்கு அரசுத் திட்டமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. காப்பீட்டு அட்டை தேவையில்லை. நல்ல திட்டம். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

நம்ம கேள்வி 49-வது மணி நேரத்தைப் பற்றியது.

கால் முறிஞ்சா, பிளேட் வச்சு சில நாள்ல வீட்டுக்கு அனுப்பிடலாம். தலைக்காயம் அப்படி இல்ல. மூளை வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். மண்டை ஓட்டைத் திறந்து அறுவை சிகிச்சை, வென்டிலேட்டர், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய், மறுபடி மறுபடி ஸ்கேன். ஐசியு வாசலில் குடும்பம் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பிழைத்த பிறகும் நடக்க, பேச, சோறு விழுங்கக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், 48 மணி நேரத்துக்குப் பிறகும் சிகிச்சையைத் தொடரலாம். அட்டை இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கையிலிருந்து கட்ட வேண்டும். அட்டை வாங்க குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். அதாவது மாசம் 10,000. மாசத்துல பாதி நாள் வேலைக்குப் போற கொத்தனாரே இந்தக் கணக்கைத் தாண்டிடுவார். காகிதத்தில் அவர் ஏழை இல்லை. ஒரு ஐசியு பில் அவரை ஏழை ஆக்கிவிடும்.

மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எட்டாம் நாள் என்ன செய்ய?

இன்னொன்றையும் கவனிங்க. இந்த இரண்டு திட்டமும் சாலை விபத்துக்கு மட்டும்தான். நம்ம ஊர்ல தென்னையிலிருந்து விழுறவங்க இருக்காங்க. சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளி இருக்கார். அலையடிச்சு வள்ளத்தில் தலை மோதும் மீனவர் இருக்கார். ரோட்டில் அடிபட்டதா, மரத்திலிருந்து விழுந்ததா என்று பார்த்தா மூளைக்குள் ரத்தம் கசியுது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சாலை விபத்து மரணங்களில் 100-க்கு 92 ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் நடக்கின்றன. அடிபடுவதும் நாம்தான், நகையை விற்றுப் பில் கட்டுவதும் நாம்தான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று:

1. தலைக்காயத்துக்கு மட்டுமாவது மணிக்கணக்கு, நாள்கணக்கு வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் வரை செலவை அரசு ஏற்கணும்.

2. மரம், சாரம், வள்ளம், எங்கே அடிபட்டாலும் அதே உரிமை வேண்டும்.

3. மறுவாழ்வுச் சிகிச்சையும் திட்டத்துக்குள் வரணும். பிசியோதெரபிக்காக தினமும் ஆட்டோ பிடித்து நாகர்கோவில் போக முடியாது. அது தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கணும்.

அதுவரை நம்ம கையில் இருப்பதைச் செய்வோம். ஹெல்மெட்டை டேங்க் மேல வைக்காதீங்க, தலையில மாட்டுங்க. அடிபட்டவரைத் தூக்கத் தயங்காதீங்க; உதவி செய்தவரைப் பெயர் சொல்லவோ சாட்சி சொல்லவோ கட்டாயப்படுத்தக் கூடாது, அது சட்டம். ஆஸ்பத்திரியில் பணம் கட்டுவதற்கு முன்னால், “48 திட்டம் இங்கே உண்டா?” என்று கேளுங்க. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. ஒவ்வொரு பில்லையும் பத்திரமா வையுங்க.

இதை உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. எந்த வீட்டுக்கு எப்போ தேவைப்படும்னு யாருக்கும் தெரியாது.