மரக்கால் யார் கையில்?

களத்துமேட்டில் மரக்கால் மிராசுதார் கையில் இருந்தால் கூலி நெல் என்ன கதியாகும் என்பது நமக்குத் தெரியும். கடலை அளக்கும் மரக்காலுக்கும் அதே கதைதான்.

கனடா நாட்டு நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் கொழித்துக் கிடந்தது. 1968-ல் மட்டும் வாரியது சுமார் 8 லட்சம் டன். பெரும்பங்கு அந்நிய டிராலர்களுக்கு. 1977-ல் கனடா சர்க்கார் 200 கடல் மைல் எல்லை வகுத்து அவற்றை வெளியேற்றியது. அந்த இடத்துக்கு வந்தது யார்? உள்நாட்டுக் கம்பெனி டிராலர்கள்!

1980-களில் கரையோர மீனவர்கள் கதறினார்கள்: மீன் குறைகிறது, சிறுத்துப் போகிறது! கேட்பாரில்லை. இலாகா நிபுணர்கள் பெரிதும் நம்பியது டிராலர்களின் பிடிப்புக் கணக்கை. மிஞ்சிய மீன் கூட்டத்தைக் கருவி வைத்துத் தேடிப் பிடிப்பவனுக்குக் கடைசிவரை வலை நிறையாதா?

1989-ல் விஞ்ஞானிகள் தவறை உணர்ந்தார்கள். 1,25,000 டன்னுக்கு மேல் கூடாது என்றார்கள். சர்க்காரோ அதைவிட வெகு அதிகமாக அனுமதித்தது.

முடிவு? 1992 ஜூலை 2-ல் காட் பிடிக்கவே தடை! மீனவரும் மீன் ஆலைத் தொழிலாளருமாகச் சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். 2024-ல் தடை நீங்கியபோது அனுமதித்தது வெறும் 18,000 டன். அதிலும் டிராலர்களுக்குப் பங்கு!

விஞ்ஞானம் வேண்டும், லாபத்துக்குத் தலையாட்டும் கணக்கு வேண்டாம். கடலை அளக்கும் இடத்தில் வலை இழுப்பவனும் உட்கார வேண்டும். அளந்து சொன்னதை மீற எந்த மந்திரிக்கும் உரிமை கூடாது.

உழைப்பவன் கைக்கு வரட்டும் மரக்கால்!