யஃகூப் நபி அஞ்சியது விளையாட்டுக்கு அன்று



2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றன. 24 அணிகள் ஆடின. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிற்குச் சென்று பார்த்த நம் மஹல்லாப் பிள்ளைகள் அன்றிலிருந்து ஹாக்கி மட்டையும் கையுமாகத் திரிகிறார்கள். மந்தைவெளியில் கிரிக்கெட் மட்டைக்கே இடமில்லாத சந்துகளில் இப்போது ஹாக்கிப் பந்து உருள்கிறது. அவர்களில் ஓரிருவர் மெய்யாகவே திறமை உள்ளவர்கள். அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்து படித்துக்கொண்டே பயில வேண்டும் என்பது அவர்களின் ஆசை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களைத் தேர்வுப் போட்டி வைத்துச் சேர்க்கிறார்கள். உணவும் உறைவிடமும் பயிற்சியும் அரசின் பொறுப்பு. கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்றே ஆண் பிள்ளைகளுக்கான சிறப்பு விடுதி இருக்கிறது. அங்கே பயின்ற அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வமும், கோவில்பட்டி மண்ணின் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேலும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். எளிய வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாசல்.

இந்த ஆசையோடு ஜமாஅத் பெரியவர்களிடம் ஆலோசனை கேட்கப் போகும் தகப்பனுக்குக் கிடைக்கும் பதில் என்ன? "ஹாக்கி விடுதியா? தொழுகை போய்விடும். தொடை தெரிய ஆடச் சொல்வார்கள். ஹலால் சாப்பாடு கிடைக்காது. வேண்டாம்." பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

பெரியவர்கள் மார்க்கத்தை முன்வைத்துக் கேள்வி கேட்பதில் குற்றமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல், எளிதில் தீர்வுள்ளதை மட்டும் கேட்டுவிட்டுக் கடமை முடிந்ததென எழுந்துவிடுவதே என் குறை.

அந்த மூன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். ஹனஃபீ மத்ஹபில் முட்டுக்காலும் அவ்ரத்தில் சேரும். ஷாஃபிஈ மத்ஹபில் தொப்புளுக்கும் முட்டுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி அவ்ரத். கால்சட்டைக்குள் முட்டியை மூடும் இறுக்கமான உள்ளாடை அணிந்து ஆடும் வீரர்கள் இன்று எத்தனையோ பேர். (கடைத்தெருவில் முட்டிக்கு மேலேறிய கால்சட்டையுடன் திரியும் நம் வாலிபர்களை இதே பெரியவர்கள் கண்டும் காணாமலும் போவது தனிக் கதை.) ஜும்ஆவுக்குச் சேர்க்கையின்போதே எழுத்தில் அனுமதி கேட்கலாம். இறைச்சியில் ஐயம் இருந்தால் முட்டையும் காய்கறியும் உண்ணலாம். 1975 உலகக் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்துத் தோல்வியைத் தவிர்த்த அஸ்லம் ஷேர் கானும், 1980 மாஸ்கோவில் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில் இருந்த முஹம்மத் ஷாஹிதும், 1984 ஒலிம்பிக்கில் அணித் தலைவராக இருந்த ஸஃபர் இக்பாலும், அட்லாண்டாவிலும் சிட்னியிலும் ஆடிய நம் சென்னையின் முஹம்மத் ரியாஸும் முஸ்லிம்கள்தாம். ஹாக்கி நமக்கு அந்நியமன்று.

இனி, கேட்கப்படாத கேள்விக்கு வருவோம்.

யூஸுஃப் அத்தியாயத்தை ஓதாத முஸ்லிம் இல்லம் உண்டா? சகோதரர்கள் தந்தையிடம் வந்து, யூஸுஃபை நாளை எங்களோடு அனுப்புங்கள், உண்டு விளையாடி வரட்டும், நாங்கள் பாதுகாப்போம் என்று கேட்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்களின் மறுமொழியைக் கூர்ந்து கவனியுங்கள். விளையாட்டு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. விளையாட்டு வீண், நபியின் பிள்ளைக்குத் தகாது என்றும் சொல்லவில்லை. நீங்கள் கவனமின்றி இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ என்றே அஞ்சினார். அவருடைய ஐயம் முழுவதும், பிள்ளையைப் பொறுப்பேற்க வந்தவர்கள் மீது. பாதுகாப்போம் என்று உறுதி கூறிய கைகளே யூஸுஃபைக் கிணற்றில் இறக்கின. தந்தையின் வாயிலிருந்து வந்த ஓநாய் என்ற சொல்லையே மாலையில் பொய்யாக்கி, இரத்தம் தோய்ந்த சட்டையோடு அழுதபடி வந்து நின்றார்கள். அந்தச் சட்டை கிழியாதிருந்ததை முஃபஸ்ஸிர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இந்த வரலாற்றை ஆண்டுதோறும் ரமழானில் பயான் செய்கிறோம். ஆனால் பதின்மூன்று வயது மகனை அறுநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பும் வேளையில், அவனை இரவில் யார் பாதுகாக்கிறார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அவன் கால்சட்டையின் நீளத்தை அளக்கிறோம்.

விடுதியில் தங்கி ஹாக்கி பயிலும் ஒரு சிறுவனின் வாழ்வில் பயிற்சியாளருக்கு இருக்கும் அதிகாரம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி ஆசிரியர் தவறாக நடந்தால் மாலையில் வீடு திரும்பும் பிள்ளை தாயிடம் சொல்லலாம். விடுதிப் பிள்ளைக்கு மாலை என்பதும் அதே வளாகம்தான். ஆடும் பதினொருவரில் அவன் இருப்பானா, மாவட்ட அணிக்கு யார் பெயர் போகும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் நாளைய அரசு வேலையும் கிட்டுமா, எல்லாம் ஒருவரின் சொல்லில் தொங்குகின்றன. அவரைப் பகைத்தால் வாழ்க்கையே போய்விடும் என்று அந்தச் சிறுவன் நம்புகிறான். அவன் நம்பிக்கை முற்றிலும் தவறென்றும் சொல்வதற்கில்லை.

நல்ல பயிற்சியாளர்கள் இல்லையா? நிறையவே இருக்கிறார்கள். ஃபஜ்ர் நேரத்தில் மைதானத்துக்கு வந்து, தம் கைக்காசில் பிள்ளைகளுக்குப் பாலும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுக்கும் பி.டி. மாஸ்டர்களை நம்மில் பலர் பள்ளி நாட்களிலேயே கண்டிருக்கிறோம். அத்தகையவர் தந்தையின் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். கேட்டவுடன் சினம் கொள்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள் என்று துணிந்தே சொல்வேன்.

இது வெறும் கற்பனை அச்சம் என்போருக்குக் கனடாவின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடுவது. நம் நாட்டில் லடாக்கின் உறைந்த குளங்களில் ஆடுகிறார்களே, அதுதான். திறமையுள்ள சிறுவர்கள் பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு வெகுதொலைவு சென்று, வேற்றூரில் தங்கி இளையோர் அணிகளில் ஆடுவது அங்குள்ள வழக்கம். கிரஹாம் ஜேம்ஸ் என்ற பயிற்சியாளர் அத்தகைய அணியொன்றை 1989இல் வாகையர் ஆக்கினார். அவ்வாண்டின் சிறந்த மனிதர் என்று ஹாக்கி இதழொன்று அவரைப் பாராட்டியது. அவரிடம் ஆடிய ஷெல்டன் கென்னடி 1996இல் காவல்துறையிடம் வாய் திறந்தபோதுதான், தம் பொறுப்பில் இருந்த சிறுவனை அவர் ஆண்டுக்கணக்கில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய உண்மை வெளிவந்தது. 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றரை ஆண்டுச் சிறை. பின்னர் மேலும் சிலர் முன்வந்தார்கள், மீண்டும் சிறை. ஊரே கொண்டாடிய மனிதர் அவர். கோப்பை வென்று தருகிறவரை யார் கேள்வி கேட்பது?

இன்னொரு நிகழ்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 2010இல் அமெரிக்காவின் சிகாகோ அணி இறுதிக் கோப்பையை நெருங்கிக்கொண்டிருந்த வேளை. அணியின் காணொளிப் பயிற்சியாளர் தமக்கு இழைத்த கொடுமையைக் கைல் பீச் என்ற இளம் வீரர் முறையிட்டார். நிர்வாகிகள் கூடிப் பேசினார்கள். கோப்பை முடியட்டும் என்று பொறுத்தார்கள். கோப்பை வந்தது. பின்னர் அந்த மனிதர் சந்தடியின்றி வெளியேற அனுமதிக்கப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளியின் ஹாக்கி அணி. 2013இல், அங்கிருந்த 16 வயது மாணவனிடம் குற்றம் புரிந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். சிகாகோவில் நடந்த கூட்டம் 2021 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கையால்தான் உலகுக்குத் தெரிந்தது.

"பேரைக் கெடுக்க வேண்டாம், கமுக்கமாக வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம்." இந்த வாக்கியத்தை நம் சபைகளில் கேட்டதே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஜமாஅத் நிர்வாகி எத்தனை பேர்?

சென்னையும் விதிவிலக்கன்று. 2021 மே மாதம், இந்நகரில் பல ஆண்டுகள் பெயரோடு விளங்கிய தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதானார். முறையிட்டவர்கள் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று நினைப்போருக்காக ஒரு கணக்கு: மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறிய பிள்ளைகளுள் 52.94 விழுக்காட்டினர் ஆண் பிள்ளைகள். பாதிக்கும் மேல். மகளுக்குக் காவலாக நாம் எழுப்பிய சுவர்களில் ஒரு செங்கல்லைக்கூட மகனுக்காக எடுத்து வைக்கவில்லை. பத்து வயதில் படுக்கைகளைப் பிரித்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மீசை அரும்பாத சிறுவனோடு தனித்திருப்பதைக் குறித்து நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு கண்டிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது கிதாபு ஓதியவர்களுக்குத் தெரியும். மிம்பரில் மட்டும் அது ஏறுவதில்லை.

இவ்வாறு பேசினால் உடனே இரண்டு தடைகளைக் கொண்டு வருவார்கள். ஒன்று, பிறர் மீது சந்தேகம் கொள்வது பாவம். நல்லது. குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. கடன் வாங்குபவரைத் திருடன் என்று சந்தேகித்தா அல்லாஹ் அதை விதித்தான்? ஆயிரம் ரூபாய்க்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும், அமானிதமாகக் கொடுக்கும் பிள்ளைக்கு எதுவும் வேண்டாமா? ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் பெயர் சொல்லி ஆராய்ந்தவர்கள் நம் முஹத்திஸ்கள். ஜர்ஹு, தஃதீல் என்று அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள்.

இரண்டாவது தடை புறம். தவறு செய்தவரைப் பற்றி வெளியே பேசுவது புறம் பேசுதல், முஃமினின் குறையை மறைக்க வேண்டும் என்பார்கள். ரியாளுஸ் ஸாலிஹீனில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எண்ணி எழுதியிருக்கிறார்கள். அநீதிக்கு உள்ளானவர் அதிகாரமுடையவரிடம் முறையிடுவதும், தீங்கிலிருந்து முஸ்லிம்களை எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும். நாட்டின் சட்டமும் வாய்மூடி இருக்க இடம் தரவில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. குடும்ப மானம் போகும் என்று அஞ்சும் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை அவன் வீட்டிலேயே எடுக்கலாம். எடுக்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது.

அதே சட்டம் கல்வி நிறுவனத்தையும் மத நிறுவனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அங்குள்ள நிர்வாகியோ ஊழியரோ செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை விதிக்கிறது. மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நான் இதைச் சொல்லாமல் கடந்தால் நியாயமாகாது. ஹாக்கி விடுதியைக் கண்டு இவ்வளவு அஞ்சும் நாம், ஒன்பது வயதுப் பிள்ளையை ஹிஃப்ழ் விடுதியில் சேர்க்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஹஜ்ரத்தின் கையில் ஒப்படைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறோம். பெரும்பாலான உஸ்தாதுகள் அல்லாஹ்வுக்கு அஞ்சுபவர்கள். அவர்களின் காலடித் தூசுக்கும் நான் ஈடாக மாட்டேன். அதனாலேயே சொல்கிறேன், அந்த நல்லவர்களின் பெயருக்குப் பின்னால் தீயவன் ஒருவன் ஒளிந்துகொள்ள நாம் இடம் தரக் கூடாது. தாடியையும் தொப்பியையும் கண்டு கேள்வியை விழுங்குவதும், கோப்பையையும் பதக்கத்தையும் கண்டு விழுங்குவதும் ஒன்றுதான்.

ஆகவே ஹாக்கிக்கு அனுப்ப விரும்பும் தகப்பனார் தயங்காமல் விண்ணப்பிக்கட்டும். ஆனால் நேரில் சென்று விடுதியைப் பார்க்கட்டும். பயிற்சியாளரும் விடுதிக் காப்பாளரும் ஒருவரேயா, வேறு வேறு ஆட்களா என்று கேட்கட்டும். ஒருவரே என்றால் பிள்ளை யாரிடம் போய் முறையிடுவான்? அணித் தேர்வை ஒருவர் தனியாகச் செய்கிறாரா, குழு செய்கிறதா? தசைப்பிடிப்புக்கு உடம்பைப் பிடித்துவிடுவது யார், திறந்த இடத்திலா, மூடிய அறையிலா? வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது லாட்ஜில் யாருடன் யார் தங்குகிறார்கள்? பிள்ளை பிறர் காது படாமல் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடியுமா? முன்னறிவிப்பின்றிப் பெற்றோர் வந்தால் உள்ளே விடுவார்களா? இவற்றையே ஹிஃப்ழ் விடுதியிலும் கேட்கட்டும். எங்கள் மத்ரஸாவிலும் கேட்கட்டும், நான் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.

பிறகு, புறப்படும் நாளுக்கு முன் மகனைப் பக்கத்தில் அமர்த்திப் பேச வேண்டும். பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம் அடி மட்டும் அல்ல. சொன்னால் வீட்டார் ஹாக்கியையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். எனவே அத்தா இதைத் தெளிவாகச் சொல்லட்டும்: "யார் என்ன செய்தாலும், என்ன சொல்லி மிரட்டினாலும் என்னிடம் சொல். உன்னை அடிக்க மாட்டேன், உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், உன் ஹாக்கியையும் நிறுத்த மாட்டேன். வேறு இடம் தேடித் தருவேன்." என்னிடம் சொல்ல முடியாவிட்டால் உம்மாவிடம், அதுவும் முடியாவிட்டால் 1098 என்று அந்த எண்ணையும் அவன் மனனம் செய்யட்டும். இலவச அழைப்பு, இரவும் பகலும் எடுப்பார்கள்.

வஸ்ஸலாம்.