பொய்ப் பெயர் பூண்ட சரக்கு

நமது பெரிய நகரங்களின் கடைத்தெருக்களில் நடந்து செல்வோர் யாவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். பாரிஸிலும் மிலானிலும் லட்சக்கணக்கான ரூபாய் விலை பெறும் கைப்பையின் உருவமும் முத்திரையும் தாங்கிய ஒரு பை, நடைபாதைக் கடையிலே ரூ. 800க்குத் தொங்குகின்றது. அதன் பக்கத்தில் ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனியின் பெயர் பொறித்த கைக்கடிகாரம். அதற்கடுத்து உலகமறிந்த சின்னம் தைத்த பாதரக்ஷை. கடைக்காரர் எதையும் மறைப்பதில்லை. "பர்ஸ்ட் காப்பி, ஸார், அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது" என்று பெருமையுடன் கூறுகின்றார். வாங்குபவரும் தெரிந்தே வாங்குகின்றார். கற்றோர், உத்தியோகஸ்தர், பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் ஆகிய பலரும் இக்கூட்டத்தில் உண்டு. இது சரியா, தவறா என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுவதாகவே தோன்றவில்லை. எழவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இது ஏதோ சில்லறை விஷயம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஓ.இ.ஸி.டி. என்னும் சர்வதேசப் பொருளாதார ஸ்தாபனமும், ஐரோப்பிய ஐக்கியத்தின் அறிவுச்சொத்து அலுவலகமும் சேர்ந்து 2025ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் வருஷத்தில் தேசத்திற்குத் தேசம் சென்ற போலிச் சரக்குகளின் மதிப்பு 46,700 கோடி டாலர். உலக இறக்குமதி வியாபாரத்தில் இது 100க்கு 2.3 பங்கு. எல்லை தாண்டாமல் உள்நாட்டிலேயே செய்து உள்நாட்டிலேயே விற்கப்படும் போலிகள் இக்கணக்கில் சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நமது தேசத்தின் 1999ஆம் வருஷத்து வியாபாரக் குறிச் சட்டம், பிறருடைய முத்திரையைப் பொய்யாக இடுபவனுக்கும், அவ்வாறு இட்ட சரக்கை விற்பவனுக்கும் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைவாசமும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கின்றது. வாங்குபவனை அது தண்டிப்பதில்லை. இத்தாலியிலோ தெரிந்து வாங்குபவனுக்கும் அபராதம் உண்டு. பிரான்ஸில் போலிச் சரக்கை உடைமையில் வைத்திருத்தலே குற்றமாகும். நமது சட்டம் வாங்குபவனை விட்டுவைத்தது சரியே என்று நாம் கருதுகிறோம். நடைபாதையில் பை வாங்கிய பெண்மணியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துச் செல்லும் காட்சியை நாம் விரும்பவில்லை. ஆயினும், சட்டம் தண்டிக்காததெல்லாம் தர்மம் ஆகிவிடாது. சட்டம் ஒதுங்கி நிற்கும் இடத்திலேதான் மனச்சாக்ஷிக்கு வேலை அதிகம்.

போலி வாங்குவதை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை அலக்ஷியம் செய்தல் முறையன்று. அவற்றில் உண்மையும் உண்டு. முதலாவதாக, "ரூ. 800க்குப் போலி வாங்குபவன் 2 லட்சம் கொடுத்து அசலை ஒருநாளும் வாங்கப் போவதில்லை. ஆகவே அக்கம்பெனிக்கு என்ன நஷ்டம்?" என்கின்றனர். இதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம். ஐரோப்பியக் கோடீசுவரர்களின் லாபக் கணக்கிற்காகக் கண்ணீர் வடிப்பது நமது வேலையன்று.

இரண்டாவதாக, "அக்கம்பெனிகள் மட்டும் யோக்கியமானவையா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வி இன்னும் பலமானது. 2024ல் மிலான் நகரக் கோர்ட்டு, டியோர் கம்பெனியைச் சேர்ந்த ஓர் உற்பத்திப் பிரிவைத் தனது மேற்பார்வையின் கீழ்க் கொண்டுவந்தபோது வெளியான விவரத்தை உலகம் அறியும். கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் கைப்பையைத் தைத்துக் கொடுக்க, தோல் முதலியவற்றின் விலை நீங்கலாக, சப்ளை செய்தவருக்குக் கிடைத்தது 53 யூரோ. பர்பரி என்னும் ஆங்கிலக் கம்பெனி விற்காத சரக்குகளை மலிவாக விற்றால் பெயர் கெடும் என்றஞ்சி, 2 கோடியே 80 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை ஒரே வருஷத்தில் அழித்தது 2018ல் அம்பலமாயிற்று. கண்டனம் எழுந்த பின்னரே அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அது அறிவித்தது. அப்படிப்பட்டவர்களின் பெயரைத் திருடினால் பாவமென்ன என்று கேட்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்நியாயத்தை முடிவுவரை கொண்டு சென்று பாருங்கள். 53 யூரோக் கூலியை 2,600 யூரோ ஆக்குவது எது? அப்பெயரின் மீது ஜனங்கள் கொண்ட மயக்கம். அம்மயக்கத்தை வெறுப்பவன் செய்யத்தக்கது அப்பெயரைத் தள்ளி, பெயரில்லாத நல்ல பையொன்றை நியாய விலைக்கு வாங்குவதேயாகும். அதைவிட்டு, அப்பெயரையே பொய்யாகவேனும் மார்பில் தரித்துக்கொள்ள விரும்புகிறவன், அக்கம்பெனியை எதிர்ப்பவனல்லன். அதன் கூலியில்லா விளம்பரதாரன். கடவுளை நிந்தித்துக்கொண்டே கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ள முந்துபவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

மேலும், இவ்வியாபாரத்தில் ஏமாறுவது யார் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். விற்பவன் ஏமாறவில்லை. தெரிந்து வாங்குபவனும் ஏமாறவில்லை. பின் அந்த முத்திரை யாருக்காக? அவனைக் காணும் அண்டை வீட்டாருக்காக; கல்யாணப் பந்தலில் அருகே உட்காருபவருக்காக; காரியாலயத்து நண்பருக்காக. அவன் கொடுத்த ரூ. 800ல் ஒரு பாதி பைக்கு. மற்றப் பாதி அயலாரை ஏமாற்றும் சாதனத்திற்கு. சத்தியத்தைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு, கை உயர்த்தும்போது மணிக்கட்டில் ஒரு பொய்யைக் காட்டுபவரைப்பற்றி நாம் என்ன சொல்வது?

மூன்றாவதாக, "ஏழைத் தொழிலாளியும் நடைபாதை வியாபாரியும் பிழைக்கிறார்களே" என்கின்றனர். பிழைக்கட்டும், அவர்கள் பிழைப்பில் மண் போடுவது நமது நோக்கமன்று. ஆனால் போலி செய்யும் தொழில் ஒளிந்து நடக்கும் தொழில். அங்கே ரசீது இல்லை, கணக்கு இல்லை, கூலிக்கும் வேலை நேரத்திற்கும் கேள்வி முறை இல்லை. சோதனை வரும்நாளில் அகப்படுபவன் தட்டுக்கடைக்காரன். சரக்கை மூட்டை மூட்டையாகத் தள்ளிவிட்ட முதலாளியின் நிழல்கூடத் தெரியாது. இதை ஏழைக்குச் செய்யும் உபகாரமென்று கூறுவது தகுமா?

உண்மையில் வருந்தத்தக்கது வேறொன்று. ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், இராணிப்பேட்டையிலும் நமது தொழிலாளர் தைக்கும் பாதரக்ஷைகள் அந்நிய முத்திரை தாங்கி ஐரோப்பா செல்கின்றன. திருப்பூரில் பின்னும் ஆடைகள் உலகத்துப் பெருங்கடைகளின் பெயரில் விற்கின்றன. அசலைச் செய்யும் கையும் நமது கையே. அத்தகைய கைகள் உள்ள தேசத்திலே, அந்நியன் பெயரைப் போலியாக ஒட்டினாலன்றிச் சரக்கு விலைபோகாது என்ற நிலை இருப்பது யாருடைய குற்றம்? வாங்கும் நம்முடைய குற்றமே.

இனி, இவ்விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பெயரைத் திருடுதல் பணக்காரக் கம்பெனிக்குப் பெரிய நஷ்டமன்று என்றோம். ஆனால் பெயரைத் தவிர வேறு ஆஸ்தி இல்லாத ஏழையின் பெயரைத் திருடினால்? காஞ்சீபுரத்து நெசவாளியின் கதை அதுதான். கோர்வை முறையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் பிணைய, மூன்று நாடா ஓட்டி, துணைக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு, ஒரு சேலையை அவன் பல நாள் நெய்கின்றான். பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகையே அவனுடைய சரிகை. அதே தோற்றமுள்ள சேலை விசைத்தறியில் விரைவில் இறங்குகின்றது. பட்டுக்குப் பதில் செயற்கை இழையும், வெள்ளிக்குப் பதில் தாமிரமும் அதில் கலக்கின்றன. கடையிலோ இரண்டிற்கும் ஒரே பெயர்: காஞ்சீபுரம் பட்டு.

1999ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் காஞ்சீபுரம் பட்டு பதிவு பெற்றிருக்கிறது. அக்குறியீட்டைப் பொய்யாக இடுபவனுக்குச் சட்டம் விதிக்கும் தண்டனையை நேயர்கள் கவனிக்க வேண்டும்: 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைவாசம்; ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதம். அந்நியக் கம்பெனியின் முத்திரைக்கு எந்தத் தண்டனையோ, காஞ்சி நெசவாளியின் பெயருக்கும் அதே தண்டனை. சட்டம் இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்திருக்கின்றது. நாம் மட்டும் இரண்டு தராசு வைத்துக்கொள்ளலாமா? பாரிஸ்காரன் பெயரைத் திருடுவது சாமர்த்தியம், காஞ்சீபுரத்தான் பெயரைத் திருடுவது துரோகம் என்று சொல்ல நமக்கு வாய் உண்டா?

2025 ஜூன் மாதம் மிலான் நகரில் நடந்த ஆடை அலங்காரக் காட்சியில், பிராடா என்னும் இத்தாலியக் கம்பெனி நமது கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த பாதரக்ஷைகளை, கோலாப்பூரின் பெயரையே சொல்லாமல் காட்டிற்று. மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய இரு ராஜ்யங்களின் தொழிலாளருக்கும் உரியதாக 2019ல் குறியீட்டுப் பதிவு பெற்ற கைத்தொழில் அது. தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. அக்கம்பெனியும் மூலம் இந்தியக் கைவினையே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அக்கண்டனம் முற்றும் நியாயமானது. ஆனால் கண்டனம் செய்தவர்களில் எத்தனை பேர் தோளில் அதே கம்பெனியின் பெயர் பொறித்த போலிப் பை தொங்கிற்றோ, யாரறிவார்! பிறன் நம் பொருளை எடுத்துப் பெயரை மறைத்தான். நாம் பிறன் பெயரை எடுத்துப் பொருளை மறைக்கிறோம். நியாயம் கேட்கப் போகிறவன் கை சுத்தமாயிருக்க வேண்டும்.

இப்பாடம் நமது தேசத்திற்குப் புதியதன்று. கதர் இயக்கம் ஓங்கிய நாட்களில் ஆலைத்துணியைக் கதரென்று விற்ற வியாபாரிகள் இருந்தனர். 1925ல் ஸ்தாபிக்கப்பட்ட அகில இந்திய சர்க்கா சங்கம் நம்பகமான கடைகளுக்கு அத்தாட்சி வழங்க வேண்டியதாயிற்று. 1934ல் கதர் என்ற பெயரைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே பிறந்தது: கையால் நூற்ற பருத்தி நூலைக் கொண்டு இந்தியாவில் கைத்தறியில் நெய்த துணிக்கே அப்பெயர் உரியதென்பது அதன் சாரம். பார்வைக்கு ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று போலிக் கதர் உடுத்தவர் அன்றும் இருந்திருப்பர். கதரின் மதிப்பு பார்வையில் இருந்ததா? கிராமத்துக் குடிசையில் நூற்றவளின் கூலியில் அன்றோ இருந்தது!

1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். கடலில் கொடிகட்டிப் பறந்த ஆங்கிலக் கம்பெனியின் பெயரை இரவல் வாங்கி அவர் கப்பல் விடவில்லை. சுதேசி என்ற தன் பெயரிலேயே விட்டார். எதிரிக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக ஆசை காட்டிற்று. சுதேசிக் கம்பெனி வீழ்ந்த காரணங்களில் மலிவின்மேல் ஜனங்கள் கொண்ட மோகமும் ஒன்றென்பதை மறத்தல் கூடாது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அறியாமல் ஏமாந்து வாங்கியவர்மேல் குற்றமில்லை. பொய்ப் பெயர் தரிக்காத மலிவுச் சரக்கை வாங்குவோர்மேலும் குற்றமில்லை. ஏழைக்குச் செருப்பு வேண்டும். அதன்மேல் அந்நியச் சின்னம் வேண்டியதில்லை. நமது கண்டனம், தெரிந்தும், வசதியிருந்தும், பெயருக்காகவே போலியை நாடும் படித்த வகுப்பாரை நோக்கியது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. பையோ, செருப்போ, கடிகாரமோ, செய்தவன் தன் சொந்தப் பெயரில் விற்பதை வாங்குவோம். ரசீது கேட்டு வாங்குவோம். பட்டு வாங்கும்போது மத்திய பட்டு வாரியத்தின் ஸில்க் மார்க் முத்திரையையும், கைத்தறி முத்திரையையும் கேட்போம். ஐயமிருப்பின் ஓரிழையை நெருப்பில் காட்டினால் போதும்: பட்டு ரோமம் கருகும் நாற்றத்துடன் பொடியாகும், செயற்கை இழை உருகி மணிபோல் இறுகும். 1935 முதல் நடந்துவரும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடைகளை ஆதரிப்போம். சேலை முதலிய சிலவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சர்க்கார் ஏட்டளவில் வைத்திராமல் கண்டிப்புடன் நடத்த வேண்டும்.

2019-20ல் எடுத்த கணக்கின்படி நமது தேசத்தில் கைத்தறியை நம்பியுள்ள தொழிலாளர் 35 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலாருக்குத் தங்கள் கைத்திறனும் ஊரின் பெயருமே முதல். அப்பெயரைக் காக்க நாம் உண்மையாகவே விரும்பினால், எவர் பெயரும் திருடத்தக்கதன்று என்ற விதியை முதலில் நாம் அனுசரிக்க வேண்டும். சுதேசியத்திற்காக உழைக்கும் தொண்டர்கள் அடுத்த கூட்டத்திற்குப் புறப்படுமுன் தங்கள் மணிக்கட்டையும், பாதத்தையும், பையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அங்கே பொய்யொன்று இருக்குமாயின், அதை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படட்டும்.