ரீமேக்: எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது?

மணிச்சித்ரதாழு (1993) கதை தமிழ்ல சந்திரமுகி (2005) ஆனப்ப ரஜினிக்காக ஓப்பனிங் பாட்டு, சண்டை எல்லாம் சேர்ந்துச்சு. ஆனா அந்தப் பூட்டின அறையை விட்டு வச்சாங்க. அதை எடுத்திருந்தா படமே இல்ல. வீடியோ கேம் ரீமேக்குக்கும் இதே கணக்குதாங்கிறது என் கட்சி.

ரெசிடென்ட் ஈவில் 2. ஜப்பானோட கேப்காம் கம்பெனி 1998ல பிளேஸ்டேஷனுக்குக் கொண்டு வந்த திகில் கேம். 2019 ஜனவரியில அதையே அடியிலேர்ந்து புதுசா செஞ்சு விட்டாங்க. சென்னையில காலேஜ் படிக்கிற பையன் லீவுக்கு சிப்பிகாட் வந்தப்ப லேப்டாப்புல ஆட, பக்கத்துல உக்காந்து பார்த்தேன். (சின்னப் பசங்களுக்கு வேண்டாம் சாமி, அவ்வளவு ரத்தம்.) செத்தவங்க எழுந்து நடமாடற ஊரு. வேலைக்கு முதல் நாள் வர்ற போலீஸ்காரன் லியோன், அண்ணனைத் தேடி வர்ற கிளேர், ரெண்டு பேரும் அங்க மாட்டிக்கிறாங்க.

மாத்தினது நிறைய. பழசுல கேமரா அறை மூலையில அசையாம நிக்கும், திருப்பத்துல என்ன இருக்குன்னு தெரியாது. புதுசுல கேமரா ஆளோட தோளுக்குப் பின்னாடியே வருது. அதனால போன பயத்தை இருட்டாலயும் சத்தத்தாலயும் ஈடுகட்டியிருக்காங்க. பழசுல ஒவ்வொரு கதவுக்கும் அது திறக்கற காட்சி ஒண்ணு வரும், அந்த இடைவெளியில அடுத்த அறை டிஸ்க்லேர்ந்து ஏறும். புதுசுல அந்தக் காத்திருப்பு இல்ல. மிஸ்டர் எக்ஸ்ங்கிற அந்தத் தடியன் பழசுல ரெண்டாவது சுற்றுல சில இடத்துல மட்டும் வருவான். புதுசுல ஸ்டேஷன் பூரா துரத்தறான். பூட்ஸ் சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்குது.

தொடாத விஷயம் ஒண்ணு: பற்றாக்குறை. தோட்டா கம்மி, பையில இடம் கம்மி. இந்தப் பிணத்தைச் சுடவா, ஒதுங்கிப் போகவா? மருந்தை இப்பவே தின்னுடவா, வச்சுக்கவா? கேஷ் கவுன்ட்டர்ல உக்காந்தவனுக்கு இது நல்லாவே புரியும். வரவு நிச்சயமில்ல, செலவு நிச்சயம். தீவுல இருக்கறவங்களுக்கும் புரியும். கப்பல் தாமதமானா வெங்காயத்தை எண்ணித்தானே போடறோம்? என்னைக் கேட்டா இந்த கேம்ல பயமே பிணத்தால இல்ல, பேலன்ஸால. கஷ்டமான ஹார்ட்கோர் முறையில, சேவ் பண்ணக்கூட மை ரிப்பன் வேணும்ங்கிற பழைய சட்டத்தையும் விட்டு வச்சிருக்காங்க.

அடுத்தது ரெசிடென்ட் ஈவில் 3. 1999ல வந்தது, 2020 ஏப்ரல்ல ரீமேக். படம் பளபளன்னு இருக்கு. ஆனா மூலத்துல நாம சுத்தித் திரியற மணிக்கூண்டு உள்பக்கம் போச்சு, பூங்கா போச்சு. நேரம் ஓடிட்டிருக்கறப்பவே ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்ங்கிற முறையும் போச்சு. விலை மட்டும் முழு விலை! அசல்ல கை வச்சுட்டு வட்டி கேட்டா எப்படிங்க?

இன்னொண்ணும் சொல்லணும். புது லெட்ஜர் திறந்தா பழசைக் கொளுத்தறதில்ல, ரெக்கார்டு ரூம்ல வைப்போம். பழைய மூணு பாகமும் 2024லதான் இன்னைய கம்ப்யூட்டர்ல ஓடற மாதிரி ஜிஓஜி தளத்துல விற்பனைக்கு வந்துச்சு. அது ரீமேக் வந்த அன்னைக்கே நடந்திருக்கணும். மூலம் கையில இல்லாதவன் ரீமேக்கை எதை வச்சு எடை போடுவான்?

உங்க வீட்டுப் பசங்க ரெண்டையும் ஆடினாங்களா? அவங்க கட்சி என்னன்னு கேட்டுச் சொல்லுங்க.