திருகாணி

மூன்று நாளாக வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. துணியெல்லாம் நுரையோடு ஊறிக் கிடந்தது. மத்திகிரியிலிருந்து மெக்கானிக் தம்பி வந்தார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, சிப்காட் தொழிற்பேட்டையில் சில வருஷம் காண்ட்ராக்டில் ஓட்டிவிட்டு, இப்போது சொந்தமாக இந்த வேலை செய்கிறார்.

மெஷினின் அடியில் வலது மூலையில் சின்ன மூடி ஒன்று உண்டு. அதைத் திறந்து, பழைய டவலை விரித்து, ஃபில்டரை மெல்லத் திருகினார். கறுத்த தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே நூல் பிசிறும் தலைமுடியும் திரண்ட ஓர் உருண்டை. அதைக் குப்பையில் போடாமல் விரலால் பிரித்தார். இரண்டு ஊக்கு, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய்க் காசு. கடைசியாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக ஒன்று.

"அக்கா, இதைப் பாருங்க."

காந்தக் குச்சியை நீட்டினார். ரூபாய்க் காசு தாவி ஒட்டிக்கொண்டது. 1992 முதல் ஒரு ரூபாயை எவர்சில்வரில்தான் அடிக்கிறார்கள், அதனால் ஒட்டும். மஞ்சள் துணுக்கு அசையவில்லை. பித்தளையும் ஒட்டாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் தோட்டின் திருகாணி. தொலைந்து மூன்று வருஷம்.

டிரம்மில் இருக்கும் ஓட்டை வழியாகக் காசு போகாது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்துக்கும் டிரம்மின் விளிம்புக்கும் நடுவே விரல் நுழையாத ஓர் இடுக்கு உண்டு. சுழலும்போது அதன் வழியாக வெளித் தொட்டிக்குள் விழுந்து, குழாயில் இறங்கி, ஃபில்டரில் வந்து தங்கிவிடும். சிலது தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவிலேயே மாட்டிக்கொண்டு கடகடவென்று சத்தம் போடும். அப்படியே ஓட்டினால் பிளாஸ்டிக் தொட்டி ஓட்டையாகிவிடும் என்றார்.

செகண்ட் ஹேண்ட் மெஷின்களில் எடுத்த பழைய காசுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாராம். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். காண்டாமிருகம் போட்ட நாலணா. 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போன காசு. அதை யார் சட்டைப்பையில் போட்டிருந்தார்களோ! பத்து ரூபாய்க் காசும் நிறையக் கிடைக்கிறதாம். கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்பதால் சட்டைப்பையிலேயே தங்கிவிடுகிறது. பதினான்கு வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இன்னும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் சேர்ந்து தங்கும் வீடுகள் இங்கே எவ்வளவோ. பத்துப் பேருக்கு ஒரு மெஷின். கொலுசோ மூக்குத்தியோ காணோம் என்றால், கடைசியாக வந்து சேர்ந்த, நம் பாஷை தெரியாத வடநாட்டுப் பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்களாம். "அதனால எது கிடைச்சாலும் தனியா யார் கையிலயும் குடுக்க மாட்டேன்க்கா. எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சுதான் தட்டுல வைப்பேன்."

என் திருகாணி தொலைந்த அன்று எங்கள் வீட்டுக்கு இவரைப் போல் ஒருவர் வரவில்லை. ஜூஜூவாடியிலிருந்து வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவை என் அம்மா கேட்டுவிட்டார். அவர் ஒன்றும் பேசாமல் பையைத் தரையில் கவிழ்த்தார். வெற்றிலை, பஸ் டிக்கெட், ஒரு மாத்திரை அட்டை. நான் அருகில்தான் நின்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அரைக் கிராம்கூட இருக்காது அந்தத் திருகாணி.

அந்த அக்காவை விசாரித்துக்கொண்டு போனேன். இப்போது பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை. இருபது இருபது பூவாக எண்ணி, தலைமட்டம் பார்த்து, அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் முள் கீறிய கோடுகள். திருகாணியை நீட்டி, எங்கே கிடைத்தது என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலேயே வைத்து மூடினார்.

"உங்க அம்மாகிட்ட சொன்னியா பாப்பா?"

"சொல்லிட்டேன்க்கா. அழுதாங்க."

கட்டின பூவை வாளித் தண்ணீரில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் பையைக் கொட்டுனப்ப எதிர்வீட்டு அம்மாவும் வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தாங்க. அவங்களுக்கும் சொல்லிடு."

எதிர்வீட்டார் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் குடிபோய் இரண்டு வருஷமாகிறது. நம்பர் கிடைத்துவிட்டது. ஆனால் இதைப் போனில் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகிறேன்.